ஆய்வின் தாக்கத்தை எங்கே தேடுவது? இரத்ததானம், எச்.ஐ.வி. ஆய்வுகளை மதிப்பிடும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும்,

வணக்கம். நான் ஆந்திரத்தின் நகரியில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். வீட்டில் தமிழும், கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தும், அரசு அலுவலகத்தில் தெலுங்கும் பேசிப் பழகிய எல்லைப்புறத்துக்காரன். 1960ஆம் ஆண்டு எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமும் ஆனோம். பெண் கொடுப்பதும் எடுப்பதும், பிரசவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் ஓடுவதும் இன்றுவரை அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை.

மருத்துவ ஆராய்ச்சி பற்றி உங்களுக்கு எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்பது நியாயமே. வயது வரம்பான 65 வரை இரத்ததானம் செய்தவன், எங்கள் ஊர் விசைத்தறித் தொழிலாளர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் திரட்டி முகாம் நடத்தியவன் என்பது ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு மருத்துவக் கல்லூரியின் குழுவில் அந்த நாற்காலியில் நான் சில ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறேன் என்பது மற்றொன்று. அந்த நாற்காலிக்கு உரியவனின் வேலை, மற்றவர்கள் கேட்கக் கூச்சப்படும் எளிய கேள்விகளைக் கேட்பது. அதையே இங்கும் செய்கிறேன்.

எங்கள் குழு முழு மனத்துடன் ஒப்புதல் அளித்த ஓர் ஆய்வுக் கருத்துரு, நிதிக்காக உங்களிடம் வந்தது. விண்ணப்பித்தவர் இரத்த மையத்தில் பணியாற்றும் மருத்துவர். அவருடைய சம்மதத்துடன் அதன் சாரத்தை மட்டும் சொல்கிறேன். எல்லையின் ஒரு பக்கம் வசித்துக்கொண்டு மறுபக்கம் போய் இரத்தம் கொடுப்பவர்களின் இரத்தத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை ஐயம் காட்டினால், அந்தச் செய்தி உரியவரிடம் போய்ச் சேருகிறதா, சேர்ந்தபின் அவர் உறுதிப் பரிசோதனைக்குப் போகிறாரா, இடையில் எந்த இடத்தில் அந்த நூல் அறுகிறது என்பதைப் பின்தொடர்ந்து பார்க்க அவர் விரும்பினார். உங்கள் பதில் ஒரே வரியில் வந்தது: விண்ணப்பதாரரின் வெளியீட்டுத் தாக்கம் போதுமானதாக இல்லை.

போதாது என்ற தீர்ப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. தாக்கம் என்ற சொல்லைத்தான் கேட்க விரும்புகிறேன். எதன் மேல் தாக்கம்?

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஓய்வு நேரத்தில் படித்தேன். ஓர் அறிவியல் கட்டுரையை யார் யார் பின்னர் மேற்கோள் காட்டினார்கள் என்று அட்டவணை போடும் யோசனையை யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்வைத்தார். அதிலிருந்து கிளைத்ததுதான் இதழ்களின் தாக்கக் காரணி. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரி அது. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று முடிவு செய்யும் நூலகருக்கு அது உதவும். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் காட்டி அதில் உள்ள ஒரு மாணவன் கெட்டிக்காரன் என்று எவரும் சான்றிதழ் தருவதில்லை; பள்ளிக்கூடத்தில் நாங்கள் அப்படிச் செய்திருந்தால் பெற்றோர் சண்டைக்கு வந்திருப்பார்கள். பிறகு 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-குறியீட்டெண்ணைக் கொண்டு வந்தார். தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 10 கட்டுரைகள் இருந்தால் ஒருவரின் எண் 10. அவர் எழுதியது எதைப் பற்றி, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்பது அந்த எண்ணுக்குள் வராது. புற்றுநோய் இதழ் ஒன்றின் தாக்கக் காரணி 100க்கு மேல் போகிறது; குருதியேற்றத் துறையின் நல்ல இதழ்களோ ஒற்றை இலக்கத்தில் நிற்கின்றன. புற்றுநோயைப் பற்றி எழுதுவோர் மிகுதி, இரத்தப் பையைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதற்கு மேல் இந்த வேறுபாட்டில் அதிகம் எதுவும் இல்லை. ஒரே தராசில் இரண்டையும் நிறுத்தால் குருதியேற்றத் துறைக்காரர் உட்காரும் முன்பே தோற்றுவிடுகிறார்.

இனி நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்ன தலைப்பை ஏற்று, பாலியல் தொழிலாளர்களிடமிருந்து 80க்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்காது என்று பலரும் உறுதியாக நம்பிய காலம் அது. பாதுகாத்து வைக்க இடம் இல்லாததால் பிரித்தெடுத்த சீரம் அவருடைய வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறியும் எலைசா சோதனைக்குச் சென்னையில் வசதி இல்லை. ஆகவே அவரும் அவர் கணவரும் பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் தொற்றைக் காட்டி நிறம் மாறின. அமெரிக்காவுக்கு அனுப்பிச் செய்த உறுதிச் சோதனையும் அதையே சொன்னது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அப்போதைய நல்வாழ்வுத் துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே செய்தியை அறிவித்தார்.

காட்பாடி எங்களுக்கு அண்டை ஊர் போன்றது. வேலூருக்குப் போகிற நோயாளிகளுக்காக நானே பலமுறை அந்த நடைமேடையில் காத்திருந்திருக்கிறேன். அந்தப் பனிக்கட்டிப் பெட்டியின் நினைவு எனக்கு அங்கே வராமல் இருந்ததில்லை. சொல்ல வந்தது வேறு. நிர்மலா 1987இல் தம் ஆய்வேட்டை அளித்துத் தேர்ச்சி பெற்று, கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசித் தயாரிப்புப் பணிக்குப் போய்விட்டார். தொடர்ந்து கட்டுரைகளைக் குவித்தவர் அல்லர். அவர் உங்கள் குழுவின் முன் வந்து நின்றிருந்தால் வெளியீட்டுத் தாக்கம் போதுமானதாக இல்லை என்றுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் அந்த ஆறு மாதிரிகளுக்குப் பிறகு நாட்டில் பரிசோதனை மையங்கள் எழுந்தன. 1989இல் தானமாகப் பெறும் இரத்தத்துக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயமாயிற்று, 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்கு இதைவிடப் பெரிய தாக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரத்தத்தின் வழியே எய்ட்ஸ் பரவக்கூடும் என்ற எச்சரிக்கையும் பெரிய இதழில் வந்த நீண்ட கட்டுரையாக முதலில் வரவில்லை. 1982 டிசம்பர் 10ஆம் நாள் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்தர அறிக்கையில் சில பத்திகளாக வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 20 மாதக் குழந்தை ஒன்று. பிறந்த உடனே அதற்கு 19 பேரின் இரத்தப் பொருள்கள் ஏற்றப்பட்டிருந்தன. தட்டணுக்கள் கொடுத்தவர்களில் ஒருவர் கொடுத்தபோது நலமாக இருந்து, பின்னர் எய்ட்ஸ் கண்டு இறந்திருந்தார். அவ்வளவுதான் செய்தி. மறு மாதமே இரத்த வங்கியினரைக் கூட்டிப் பேசினார்கள். அங்கே அந்தச் சான்று போதாது என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். 1983 மார்ச்சில் தொற்று வாய்ப்பு மிகுந்தவர்கள் இரத்தம் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது, 1985 மார்ச்சில் முதல் சோதனைக்கு உரிமம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் பலியானார்கள் என்பதை நினைக்கும்போது, ஒரு செய்தி சரியான மேசைக்கு எத்தனை நாளில் போய்ச் சேருகிறது என்பதும் தாக்கத்தின் கணக்கில் வர வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் தலைமுறைக்கு இரத்தம் விற்பவர்களைத் தெரியும். பெரிய மருத்துவமனை வாசல்களிலும் ரயில் நிலையங்களின் அருகிலும் அவர்கள் இருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காக வாரம் தவறாமல் ஊசிக்குக் கை நீட்டிய அந்த மனிதர்கள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. காசுக்கு வாங்கும் இரத்தம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒருசேரக் கெடுக்கும் என்று பிரிட்டனின் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் வாதிட்டார். அவர் மருத்துவர்கூட அல்லர். சமூகக் கொள்கை கற்பித்தவர். 1978 முதல் அமெரிக்காவில் ஒவ்வோர் இரத்தப் பையின் மேலும் கூலிக்குக் கொடுத்ததா, தானமாகக் கொடுத்ததா என்று குறிக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் இந்த வேலையைச் செய்தது எந்த இதழிலும் வராத ஓர் அறிக்கை. மத்திய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஃபெர்குசன் என்ற ஆலோசனை நிறுவனம் நடத்தி 1990இல் அளித்த கணக்கெடுப்பு, நாட்டில் இருந்த 1018 இரத்த வங்கிகளில் 616 உரிமம் இல்லாதவை என்று காட்டியது. காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பின் சார்பில் எச்.டி. ஷௌரி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 ஜனவரி 4ஆம் நாள் வந்த தீர்ப்பு, எல்லா இரத்த வங்கிகளுக்கும் உரிமம் கட்டாயம், இரண்டு ஆண்டுகளுக்குள் இரத்த விற்பனை ஒழிய வேண்டும், தேசிய அளவில் ஒரு குருதியேற்றக் குழுமம் அமைய வேண்டும் என்றது. 1998 ஜனவரி முதல் நாட்டில் இரத்த விற்பனை சட்டத்துக்கு விரோதம். அந்தக் கணக்கெடுப்பை எழுதியவர்களுக்கு எச்-குறியீட்டெண் எத்தனை என்று எவரும் கேட்கவில்லை.

மேற்கோள் எண்ணிக்கை வெறும் மாயை என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். அப்படிச் சொன்னால் அது தவறாகும். 1996இல் ஜார்ஜ் ஷ்ரைபரும் உடனாய்வாளர்களும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது, அதற்குத் தகுதியும் உடையது. தொற்று உடலில் புகுந்த நாளுக்கும் சோதனை அதைக் கண்டுபிடிக்கும் நாளுக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சாளர காலம் என்கிறோம், அன்றைய எச்.ஐ.வி. சோதனைக்கு அது 22 நாள். திரும்பத் திரும்ப இரத்தம் கொடுப்பவர்களிடையே புதிய தொற்று எந்த வேகத்தில் ஏற்படுகிறது என்பதை அந்த நாள்களால் பெருக்கினால், சோதனையில் தேறிய இரத்தத்திலும் எஞ்சி நிற்கும் ஆபத்து எவ்வளவு என்று கணிக்கலாம். அமெரிக்காவில் அது 493,000 அலகுகளுக்கு ஒன்று என்று அவர்கள் கணித்தார்கள். இன்று எந்த நாட்டில் யார் இரத்தப் பாதுகாப்பைக் கணக்கிட்டாலும் இந்த வழியைத் தொடாமல் போவதில்லை. அங்கே மேற்கோள் என்பது பயன்பாட்டின் அடையாளமாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் 2008இல் மக்ரூ முதலானோர் வெளியிட்டதையும் சொல்ல வேண்டும். எட்டு இடங்களிலிருந்து எடுத்த 12,224 மாதிரிகளில், வழக்கமான சோதனை தவறவிட்டு, வைரஸின் மரபுப் பொருளையே தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனை எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி ஆகியவற்றைச் சேர்த்துக் கண்டுபிடித்தவை 8, அதாவது 1528க்கு ஒன்று. அமெரிக்கக் கணக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவை வெவ்வேறு பொருள்களின் எண்கள் என்று தெரிந்திருந்தும், வயிற்றைக் கலக்குகிறது. நியூக்ளிக் அமிலச் சோதனையால் எச்.ஐ.வி.யின் சாளர காலம் ஏறத்தாழ 11 நாளாகக் குறையும். அந்தச் செலவு நமக்குக் கட்டுப்படியாகுமா என்ற விவாதத்தில் அந்த இந்தியக் கட்டுரையைத் தொடாமல் பேச முடியாது. வெளிநாட்டு இதழில் வரவில்லை என்பதால் அதன் பயன் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

மேற்கோள் மிகுந்தும் கேடு விளைவித்தவையும் உண்டு. எச்.ஐ.வி. எய்ட்ஸுக்குக் காரணம் அல்ல என்று பீட்டர் டியூஸ்பெர்க் 1987இல் எழுதினார். மறுப்பதற்காகவே பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். எண்ணும் பொறிக்கு மறுப்பும் ஒன்று, பாராட்டும் ஒன்று. 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ உம்பெக்கி அமைத்த ஆலோசனைக் குழுவில் டியூஸ்பெர்க் இடம்பெற்றார். அந்நாட்டில் மருந்து வழங்குவதில் ஏற்பட்ட தாமதத்தால் 330,000க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். தாக்கம் என்றால் அதுவும் தாக்கம்தான். அதே நாட்டின் இரத்தச் சேவையினரோ, கொடையாளர்களைத் தோலின் நிறம் பார்த்து வகைப்படுத்திய பழைய முறையைக் கைவிட்டு, 2005இல் ஒவ்வொரு கொடைக்கும் தனித்தனியே நியூக்ளிக் அமிலச் சோதனை செய்யத் தொடங்கினார்கள்.

இப்போது நீங்கள் நிராகரித்த கருத்துருவுக்கு வருகிறேன். எல்லைப்புறத்தில் வாழாதவர்களுக்கு அதன் அவசியம் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் ஒருவருக்கு இதய அறுவையோ சிறுநீரகச் சிகிச்சையோ என்றால் வேலூர், திருப்பதி, சென்னை மூன்றில் ஒன்று. நோயாளியோடு ஒரு வேனில் ஐந்தாறு பேர் போவார்கள். அவர்களில் நாலு பேர் இரத்தம் கொடுக்கப் போகிறவர்கள். கொடுத்துவிட்டு, ஒரு பழச்சாறு குடித்துவிட்டு, மாலையிலேயே தறிக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கே நிரப்பும் வினாத்தாளில் முகவரி எழுதுவது ஒருவர், கையெழுத்துப் போடுவது ஒருவர். கொடையாளருக்குப் புரியும் மொழியில் வினாத்தாள் இருக்க வேண்டும் என்றுதான் விதி. ஆனால் ஆந்திரத்தில் கொடுத்தால் தெலுங்கும் ஆங்கிலமும், தமிழ்நாட்டில் கொடுத்தால் தமிழும் ஆங்கிலமும். தெலுங்கு எழுத்து மட்டும் படித்த தமிழ்ப் பிள்ளைகளும், தமிழ் மட்டும் படித்த பெரியவர்களும் எங்கள் தெருவிலேயே அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். அந்தத் தாளில் அந்தரங்கமான கேள்விகள் உண்டு. படிக்கத் தெரியாதவருக்கு அதைப் படித்துக் காட்டுவது உடன் வந்த மைத்துனர். மைத்துனர் முன்னால் அந்தக் கேள்விகளுக்கு எந்த ஆண்மகன் உண்மை சொல்வான்? சோதனைக் கருவியின் துல்லியத்தைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் வரலாம். சாளர காலத்தில் இருப்பவரைத் தடுத்து நிறுத்தக்கூடியது அந்தத் தாள் ஒன்றுதான்.

ஊரில் கடிதம் படித்துக் காட்டும் வழக்கம் ஆசிரியர்களை விட்டு இன்னும் போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தறித் தொழிலாளி ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தார். முந்தைய கொடை தொடர்பாக நேரில் வந்து சந்திக்கவும் என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதைப் பாராட்டுச் சான்றிதழ் வாங்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, தீபாவளிக்கு அப்புறம் போகலாம் என்று எடுத்து வைத்திருந்தார். கடிதத்தின் தேதிக்கும் அவர் என்னிடம் வந்த நாளுக்கும் இடையில் இரண்டு மாதம். மறுநாளே போகச் சொன்னேன், போனார். அங்கே என்ன சொன்னார்கள் என்பது அவருக்கும் ஆலோசகருக்கும் உரியது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை. மேலே எதையும் எழுதாமல் விட்டதற்காக அந்த மையத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். முடிவைக் கடிதத்தில் எழுதினால் இரகசியம் போகும், எழுதாவிட்டால் அவசரம் தெரியாது. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்பது ஆய்வு செய்துதான் கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி.

உறுதிப் பரிசோதனைக்குப் போக வேண்டிய இடத்தின் பெயர்கூட எல்லை தாண்டினால் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்றால் யாரும் வழி காட்டுவார்கள். எங்கள் பக்கம் ஐ.சி.டி.சி. என்ற நாலு எழுத்துதான் பலகையில் இருக்கும். கேரளத்தில் ஜ்யோதிஸ் என்கிறார்கள் என்று பாலக்காட்டு நண்பர் ஒருவர் சொன்னார். பெயர் மாறுவது சிறிய விஷயம். தமிழ்நாட்டுக்கு ஒரு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், ஆந்திரத்துக்கு ஒன்று. தமிழ்நாட்டில் கொடுத்த இரத்தத்தில் ஐயம் எழுந்தால் ஆந்திரத்தில் இருப்பவரைத் தேடிப் போக வேண்டிய பொறுப்பு நடைமுறையில் யாருடையது என்பதற்கு எங்கள் முகாம்களுக்கு வந்த ஆலோசகர்கள் ஒரே பதிலைச் சொன்னதில்லை.

செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. அதைக் கொடுத்த இளைஞர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முகாமில் இரத்தம் கொடுத்து, அப்போதே தொற்று தெரிந்தும் அது அவருக்குச் சொல்லப்படாமல் இருந்தது என்று அன்றைய செய்திகள் கூறின. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவுடன், தாமே மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்தவரும் அவர்தான். பிறகு நஞ்சருந்தி இறந்துபோனார். எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. அந்த இளைஞரிடம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாராவது அமர்ந்து பேசியிருந்தால் இரண்டு குடும்பங்களின் கதை வேறாக இருந்திருக்கும். நம் மருத்துவர் கேட்டது அந்த இரண்டு ஆண்டு இடைவெளியை ஆராயத்தான். ஒரே மாவட்டத்துக்குள் அறுந்த நூல், இரண்டு மாநிலங்களுக்கு இடையில் எத்தனை இடத்தில் அறுகிறது என்று பார்க்கத்தான்.

இப்படிப்பட்ட ஆய்வுக்கு நிறைய மேற்கோள் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். லண்டனிலோ டோக்கியோவிலோ இருப்பவருக்கு நகரிக்கும் திருத்தணிக்கும் இடையில் உள்ள பதினைந்து இருபது கிலோமீட்டரைப் பற்றி எழுதியதை மேற்கோள் காட்ட எந்தக் காரணமும் இல்லை. கொடையாளர்களைத் தேடிப் பிடித்து, இரகசியம் காத்து, ஓராண்டு ஈராண்டு பின்தொடர்ந்து எழுதி முடிப்பதற்குள், இரண்டு ஆண்டுக் கணக்கில் ஓடும் தாக்கக் காரணி வேறு தலைப்புகளுக்குப் போயிருக்கும். பலன் கிடைத்தால் அது ஒரு வினாத்தாளின் மூன்று மொழிப் பதிப்பாகவோ, ஆலோசகருக்கு வழங்கும் ஒரு தொலைபேசிப் படிவமாகவோ, இரண்டு மாநிலச் சங்கங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தச் சுற்றறிக்கையாகவோ வெளிவரும். சுற்றறிக்கைகளில் அடிக்குறிப்பு போடும் வழக்கம் நம் அரசுகளுக்கு இல்லை. அதற்கான தகவல்களைத் திரட்டித் தரும் ஆய்வக நுட்பரும் ஆலோசகரும் கட்டுரையின் பெயர்ப் பட்டியலில்கூட வருவதில்லை என்பது வேறு கதை. அதற்குத் தனியே ஒரு மடல் எழுத வேண்டும்.

எண்ணைத் தள்ளிவிட்டு ஆய்வாளரே தம் தாக்கத்தைக் கதையாகச் சொல்லட்டும் என்றால் அதிலும் ஆபத்து இருக்கிறது. என் ஆய்வால் ஊரே மாறியது என்று எழுதத் தெரிந்தவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு; 30 ஆண்டு மாணவர் கட்டுரைகளைத் திருத்தியவனுக்கு அந்த நடை நன்றாகத் தெரியும். ஆகவே நான் வேண்டுவது அதுவும் அன்று. ஆய்வை மதிப்பிடும் முறை பற்றி 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், தனி ஆய்வாளரை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பதிலியாகப் பயன்படுத்தக் கூடாது என்றும், ஆய்வை அதன் சொந்தத் தகுதியைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்றும் கூறுகிறது. 2015இல் வந்த லெய்டன் அறிக்கை, உள்ளூர்த் தேவை சார்ந்த ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்று இன்னும் தெளிவாகச் சொல்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் உங்களைப் போன்ற அறிவியலாளர்களே. இரத்ததானம், எச்.ஐ.வி. போன்ற துறையில் விண்ணப்பிப்பவரிடம், உங்கள் ஆய்வுக்குப் பிறகு எந்தப் படிவம், எந்த நடைமுறை, எந்த ஆணை மாறியது, அதைக் காட்டும் தாள் எங்கே என்று கேளுங்கள். அந்தத் தாளில் கையெழுத்திட்ட இரத்த மைய அலுவலரைக் கூப்பிட்டு உண்மையா என்று விசாரியுங்கள். புதியவராக இருந்து அப்படி எதுவும் இன்னும் நடந்திருக்கவில்லை என்றால், அவருடைய கேள்விக்கு விடை தெரிந்தால் யாருடைய கை எந்த வேலையை வேறு விதமாகச் செய்யும் என்று கேளுங்கள். குருதியேற்றத் துறையில் வேலை செய்த ஒருவரும், தொற்றுடன் வாழும் ஒருவரும் குழுவில் இருந்தால் இந்தக் கேள்விகளை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

அந்தக் கருத்துருவை உங்கள் அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மறுபடியும் வேண்டாம் என்று முடிவானால், அந்த முடிவு கருத்துருவின் கேள்வியையும் முறையையும் பற்றிப் பேசட்டும். எந்தக் குறை என்று தெரிந்தால் அவர் திருத்திக்கொள்வார். இதற்கிடையில் அந்த மருத்துவர் இதுவரை வெளியிட்ட ஐந்து கட்டுரைகளின் படிகளையும் அவரிடம் வாங்கி, தலைவர் அவர்களின் அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் 38 பக்கம். புள்ளியியல் வரும் இடங்களில் எனக்குத் தடுமாறியது, பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மாலையில் படித்து முடிக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நகரியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியன்,
நெறிமுறைக் குழுவின் பொதுமக்கள் சார்பு உறுப்பினன்